தியேட்டரில் யாரும் இல்லை

சில வருஷங்களுக்கு முன் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்தது. ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோது தலைக்கு மேல் ட்யூப்லைட்டுகள் வரிசையாக நகர்ந்தன. மயக்க மருந்து டாக்டர் இளைஞர். 'பத்துலேர்ந்து பின்னாடி எண்ணுங்க சார்' என்றார். பத்து, ஒன்பது, எட்டு. ஏழு சொன்னதாக ஞாபகம் இல்லை. அடுத்த கணம் ஒரு நர்ஸ், 'முடிஞ்சுது, கண்ணைத் திறங்க' என்று கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தார். நடுவே ஒன்றே முக்கால் மணி நேரத்தைக் காணோம். தூங்கி எழுந்தால்கூட கொஞ்ச நேரம் ஆகியிருக்கிறது என்று உடம்புக்குத் தெரியும். இது அப்படி இல்லை. ஃபிலிமை வெட்டி ஒட்டின மாதிரி.

வீட்டில் படுத்துக்கிடந்த பத்து நாளில் ஒரு விபரீதமான சந்தேகம் வந்தது. மருந்து என் வலியை நிறுத்தியதா, அல்லது வலித்ததை மறக்கடித்ததா? அந்த ஒன்றே முக்கால் மணியும் நான் அசைய முடியாமல் உள்ளுக்குள் அலறிக்கொண்டிருந்து, கடைசியில் யாரோ சிலேட்டைத் துடைத்தாற்போல எல்லாம் அழிந்துபோயிருந்தால்? எனக்கே தெரியாத என் வலி, வலிதானா?

சந்தேகம் என் சொந்தச் சரக்கு இல்லை. டேனியல் டென்னட் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1978ல் எழுதிய ஒரு கட்டுரையில் கிடைத்தது. வலியை உணரும் கம்ப்யூட்டரை ஏன் செய்ய முடியாது என்பதுதான் தலைப்பு. படித்துக்கொண்டே போனால் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார். அங்கே க்யூராரே கதையைச் சொல்கிறார். க்யூராரே தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவும் விஷம். தசைகளைச் செயலிழக்க வைக்கும். 1940களில் இதை ஆபரேஷனில் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். நோயாளி ஆடாமல் அசையாமல் கிடந்ததால், மயக்கமும் இதுவே தருகிறது என்று சில டாக்டர்கள் நினைத்துவிட்டார்கள். எழுந்தவர்கள் 'எல்லாம் தெரிந்தது, எல்லாம் வலித்தது' என்று புகார் சொன்னார்கள். யாரும் நம்பவில்லை. புகார் சொன்னவர்களில் நிறையப் பேர் குழந்தைகள். கடைசியில் 1947ல் ஒரு டாக்டர் துணிந்து தனக்கே மருந்தைச் செலுத்திக்கொண்டு, அசைய முடியாமல் கிடந்தபோதும் பிரக்ஞை துளிக்கூடக் குறையவில்லை என்று விவரமாகச் சொன்ன பிறகுதான் நம்பினார்கள். பெரியவர், அதிலும் டாக்டர் சொன்னால்தான் வலி வலியாகிறது.

இந்த மாதிரிக் கதைகளைப் பொறுக்கியெடுத்து நம் தலைக்குள் போட்டுக் குடைய வைப்பதில் டென்னட் மன்னன்.

மனிதரின் வாழ்க்கையே நாவல் சரக்கு. 1942ல் பாஸ்டனில் பிறந்தார். அப்பா இஸ்லாமிய வரலாற்று அறிஞர். இரண்டாம் உலகப்போரின்போது பெய்ரூட் அமெரிக்கத் தூதரகத்தில் கலாசார அதிகாரி என்ற போர்வையில் உளவு பார்த்தவர். 1947ல் எத்தியோப்பியாவில் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். பையனுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. கல்லூரி முதல் வருஷத்தில் தெகார்த்தின் 'தியானங்கள்' படித்துவிட்டு, இதில் எங்கேயோ தப்பு இருக்கிறது, கண்டுபிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தாராம். பதினேழு, பதினெட்டு வயதில் எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். இவர் எழுந்திருக்கவே இல்லை. க்வைனிடம் படிப்பதற்காக ஹார்வர்டு போனார். அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டில் கில்பர்ட் ரைலிடம் ஆராய்ச்சி. இருபத்து மூன்று வயதில் டாக்டர் பட்டம். 1971லிருந்து அரை நூற்றாண்டு டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம். கோடையில் மெய்ன் மாநிலத்தில் பண்ணை, ஆப்பிள் சாறு, பாய்மரப் படகு. சான்டா கிளாஸ் தாடி. தத்துவ ஆசாமிகளுக்கு வழக்கமாக இருக்கும் சோகை அவரிடம் இல்லை.

தெகார்த்திடம் அவர் கண்டுபிடித்த தப்பு என்ன? தெகார்த் மனசு வேறு, உடம்பு வேறு என்றார். இரண்டும் மூளையின் நடுவே பீனியல் சுரப்பியில் சந்திக்கின்றன என்றார். இப்போது யாரும் அதை நம்புவதில்லை. ஆனால் டென்னட் சொல்வது, சுரப்பியை விட்டுவிட்டோமே தவிர அந்தச் சினிமாக் கொட்டகையை நாம் இன்னும் விடவில்லை என்று. கண் வழியே, காது வழியே வருவதெல்லாம் மூளைக்குள் ஏதோ ஓரிடத்தில் திரையில் ஓடுவது போலவும், அதை நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு குட்டி 'நான்' பார்ப்பது போலவும்தான் மனசுக்குள் படம் வைத்திருக்கிறோம். விஞ்ஞானிகளும்கூட. இதற்குத் 'தெகார்த் தியேட்டர்' என்று பெயர் வைத்தார். அந்தக் குட்டி ஆசாமியின் தலைக்குள் யார் பார்ப்பது என்று கேட்டால் கதை முடிந்தது. தியேட்டர் கிடையாது. திரை கிடையாது. ஆடியன்ஸும் கிடையாது. 1991ல் வந்த அவருடைய 'கான்ஷியஸ்னெஸ் எக்ஸ்ப்ளெயின்ட்' என்ற தடிப் புத்தகத்தின் சாரம் இதுதான்.

அதிலிருந்து ஒரு பரிசோதனை. வீட்டிலேயே செய்யலாம், செலவில்லை. எதிரே ஒருவரை உட்கார வைத்து அவர் மூக்கையே பாருங்கள். சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டைப் பார்க்காமல் உருவி, கையைப் பக்கவாட்டில் நீட்டி, பார்வையின் விளிம்பில் ஆட்டுங்கள். ஏதோ ஆடுவது தெரியும். சிவப்பா கறுப்பா? தெரியாது. மெல்ல மெல்ல நடுவே கொண்டுவாருங்கள். மூக்கிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, ஏமாற்றக் கூடாது. கிட்டத்தட்ட நேர் எதிரே வரும்வரை அது ராஜாவா ராணியா என்று சொல்ல முடியாது. நான் செய்து பார்த்து அசந்துபோனேன். அறை முழுவதையும் கலரில், துல்லியமாகப் பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நிஜத்தில் நடுவே ஒரு சின்ன வட்டம்தான் துல்லியம். மிச்சத்தை மூளை வரைந்து நிரப்புகிறதா? அதுவும் இல்லை என்கிறார் டென்னட். நிரப்புவதற்கு யார் பார்க்கிறார்கள்? இல்லை என்று யாரும் புகார் செய்யவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று கொஞ்சம் சிக்கல். 1976ல் கோலர்ஸ், ஃபான் க்ருனாவ் என்ற இரு மனோதத்துவக்காரர்கள் செய்தது. ஒரு சிவப்புப் புள்ளி மின்னி மறைகிறது. கொஞ்சம் தள்ளி ஒரு பச்சைப் புள்ளி. நடுவே ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு இடைவெளி. பார்ப்பவர்களுக்கு ஒரே புள்ளி நகர்ந்து போகிற மாதிரியும், பாதி வழியில் சட்டென்று சிவப்பு பச்சையாக மாறுகிற மாதிரியும் தெரிகிறது. யோசியுங்கள். பச்சை இன்னும் வரவே இல்லை. பாதி வழியில் அது பச்சையாகப் போகிறது என்று மூளைக்கு எப்படித் தெரிந்தது?

இரண்டு பதில் சொல்லலாம். ஒன்று, முதலில் உள்ளபடியே பார்த்தீர்கள், பிறகு ஞாபகத்தைத் திருத்திவிட்டார்கள். ஆர்வெல் நாவலில் பழைய பேப்பரைத் திருத்துவது போல. இரண்டு, பச்சை வரும்வரை மூளை படத்தை நிறுத்திவைத்து, எடிட் செய்து, அப்புறம் காட்டியது. ஸ்டாலின் காலத்து ஜோடனை விசாரணை போல. எது சரி? இங்கேதான் டென்னட் குண்டைப் போடுகிறார். எதுவும் சரியில்லை, ஏனென்றால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. படம் 'திரைக்கு வந்த' கணம் என்று ஒன்று இருந்தால்தான் அதற்கு முன், பின் என்று பேசலாம். திரையே இல்லை. மூளையில் ஒரே சமயத்தில் பல இடங்களில் பல வரைவுகள் எழுதப்பட்டு, அடித்துத் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. 'இதுதான் ஃபைனல்' என்று கையெழுத்துப் போட ஓர் எடிட்டர் உள்ளே இல்லை. (பத்திரிகைகளில் எழுதுகிறவர்களுக்கு இது பொறாமை தரும் ஏற்பாடு.) பிற்பாடு இன்னும் நல்ல உவமை ஒன்று கண்டுபிடித்தார்: பிரக்ஞை என்பது புகழ் மாதிரி. ஒரு நடிகர் எந்த நிமிஷத்தில் ஸ்டார் ஆனார் என்று கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியுமா? அந்தந்த நேரத்தில் எந்தச் செய்தி மூளைக்குள் செல்வாக்குப் பெற்று நாக்கு, கை, ஞாபகம் எல்லாவற்றையும் ஆட்டுகிறதோ, அதுவே பிரக்ஞைக்கு வந்தது.

அப்படியானால் 'நான்'? அது ஒரு சௌகரியமான கற்பனை என்றார். ஒரு நாற்காலிக்கு ஈர்ப்பு மையம் இருக்கிறது. கணக்குப் போட உபயோகமாக இருக்கிறது. ஆனால் நாற்காலியைப் பிளந்து பார்த்தால் உள்ளே மையம் என்று ஒரு பொருள் கிடைக்காது. நம்மைப் பற்றி நாமும் மற்றவர்களும் சொல்லும் கதைகளின் ஈர்ப்பு மையம்தான் 'நான்'. மிலிந்தர் என்ற கிரேக்க ராஜாவுக்கு நாகசேனர் தேரைக் காட்டி, சக்கரமா தேர், அச்சா தேர், நுகமா தேர் என்று கேட்ட பௌத்தக் கதை தெரிந்தவர்களுக்கு இது அதிர்ச்சி தராது.

இதுவரை எனக்குப் பிரச்னை இல்லை. தியேட்டரை இடித்தது நல்ல காரியம். ஆனால் டென்னட் அங்கே நிற்கவில்லை. க்வாலியா என்கிற சமாசாரத்துக்கும் புல்டோசரை ஓட்டினார். க்வாலியா என்றால் காபியின் 'அந்த' ருசி, சிவப்பின் 'அந்த' சிவப்பு. வார்த்தையில் சொல்ல வராதது, அனுபவிப்பவருக்கு மட்டுமே தெரிவது. 1988ல் எழுதிய கட்டுரையில் இரண்டு காபி ருசி பார்ப்பவர்களைப் படைத்தார். சேஸ், சான்போர்ன். (அது பழைய அமெரிக்கக் காபி பிராண்டின் பெயர், குறும்பு.) இரண்டு பேருக்கும் கம்பெனி காபி இப்போதெல்லாம் பிடிப்பதில்லை. சேஸ் சொல்கிறார்: ருசி அப்படியேதான் இருக்கிறது, என் ரசனை மாறிவிட்டது. சான்போர்ன் சொல்கிறார்: ரசனை அப்படியேதான் இருக்கிறது, என் நாக்கில் ஏதோ மாறி ருசியே வேறாகிவிட்டது. யார் சொல்வது சரி? உள்ளே எட்டிப் பார்த்து அவர்களாலேயே தீர்மானிக்க முடியாது. டாக்டரோ நரம்பு நிபுணரோ வெளியிலிருந்து சோதித்தால் ஒருவேளை தெரியலாம். உனக்கு மட்டுமே தெரிந்தது என்று நீ பீற்றிக்கொண்ட விஷயம் உனக்கே தெரியவில்லையே, அப்புறம் என்ன க்வாலியா என்று மடக்குகிறார். அருமையான கட்டுரை. முப்பது வருஷமாக ஒரே கடையில் காபிப் பொடி வாங்கி, 'முன்ன மாதிரி இல்லை' என்று புலம்பும் ஒவ்வொருவரும் படிக்கவேண்டும். பொடியா, நாமா?

ஆனால் வலி? காபியில் செல்லுபடியான மடக்கல் பல்வலியில் செல்லுமா?

எதிரிகள் இங்கேதான் பாய்ந்தார்கள். ஜான் சர்ல் 1995ல் 'நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்' இதழில், முன்கையைக் கிள்ளிப் பாருங்கள், வலிக்கிறதல்லவா, டென்னட் இல்லை என்று சொல்வது இதைத்தான் என்று எழுதினார். பதிலுக்கு இவர் எழுத, அவர் மறுபடி எழுத, குழாயடிச் சண்டை தோற்றது. கேலன் ஸ்ட்ராஸன் 2018ல், மனித சரித்திரத்திலேயே படு அசட்டுத்தனமான கருத்து இது என்று தீர்ப்பளித்தார். டேவிட் சால்மர்ஸ் கொஞ்சம் மரியாதைக்காரர். மூளை எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் சுலபமான கேள்விகள், வேலை செய்யும்போது ஏன் உள்ளே ஏதோ 'உணரப்படுகிறது' என்பதுதான் கடினமான கேள்வி என்றார். எல்லா விதத்திலும் நம்மைப்போலவே நடந்து, பேசி, 'ஆ' என்று அலறி, ஆனால் உள்ளே எதுவுமே இல்லாத 'ஜாம்பி'யைக் கற்பனை செய்ய முடிகிறதே என்றார். டென்னட், முடியாது, முடிவதாக நினைத்துக்கொள்கிறீர்கள் என்றார். 2014ல் இந்த இரண்டு பேரும் இன்னும் சில தத்துவக்காரர்களும் கிரீன்லாந்துக் கரையோரம் பனிப்பாறைகளுக்கிடையே ஒரு கப்பலில் இதையே விவாதித்துக்கொண்டு போனார்கள். யாரும் கட்சி மாறவில்லை. கடலிலும் தள்ளவில்லை.

டென்னட் வலியே இல்லை என்று சொல்லவில்லை. நாம் நினைக்கிற மாதிரியான சமாசாரம் இல்லை என்றார். கம்ப்யூட்டர் திரையில் குப்பைத்தொட்டி இருக்கிறது. இழுத்துப் போட்டால் ஃபைல் போய்விடுகிறது. ஆனால் பெட்டியைத் திறந்தால் உள்ளே தொட்டி இல்லை. வலியும் சிவப்பும் அந்த மாதிரி, மூளை நம் உபயோகத்துக்காகத் தயாரித்த மாயத்தோற்றம். சரி, ஆனால் திரையில் தெரியும் தொட்டியைப் பார்க்க வெளியே ஓர் ஆள் வேண்டும். ஆளையும் தொட்டியையும் சேர்த்தே மாயம் என்றால் உவமை நொண்டுகிறது. அடுத்தவர்களின் கற்பனைப் பரிசோதனைகளை 'உள்ளுணர்வைப் பம்ப் அடிக்கிறார்கள்' என்று கிண்டல் செய்த மனிதர், தானே விடாமல் பம்ப் அடித்தார். ஐந்நூறு பக்கத்தில் எனக்கிருக்கும் பெரிய மனக்குறை அதுதான். ஒவ்வொரு உவமையும் பிரமாதம். புத்தகத்தை மூடியபின் பல் மட்டும் அதேபோல வலிக்கிறது.

துன்பம் ஏன் முக்கியம் என்பதற்கு அந்தப் புத்தகத்தின் முடிவில் அவர் தரும் பதில், வாழ்க்கையைப் பற்றிய நம் திட்டங்களும் நம்பிக்கைகளும் சிதைவதுதான் துன்பம், அதற்கென்று தனியாக ஒரு விசேஷ க்வாலியா வேண்டியதில்லை என்பது. படித்தபோது எனக்குத் திக்கென்றது. திட்டமே இல்லாதவர்கள்? பிறந்து மூன்று நாளான குழந்தைக்கு என்ன வாழ்க்கைத் திட்டம் இருக்கும்?

இது வெட்டிக் கேள்வி இல்லை. 1980கள் வரைக்கும் மேலைநாட்டு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும்போது, அசையாமலிருக்க ஒரு மருந்தும் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்ஸைடும் மட்டும் கொடுப்பது வழக்கமாக இருந்தது. நரம்புகள் முதிரவில்லை, உண்மையான வலி இருக்காது, இருந்தாலும் ஞாபகம் இருக்காது, பலமான மருந்து ஆபத்து என்று காரணங்கள். கன்வல்ஜீத் சிங் ஆனந்த், இந்தூரில் டாக்டருக்குப் படித்துவிட்டு ரோட்ஸ் ஸ்காலர்ஷிப்பில் ஆக்ஸ்ஃபோர்ட் போனவர், இதை நம்பவில்லை. இதய ரத்தக்குழாய் ஆபரேஷனுக்கு வந்த குறைமாதக் குழந்தைகளில் எட்டுப் பேருக்கு வழக்கமான மருந்து மட்டும், எட்டுப் பேருக்கு அதோடு ஃபென்டனில் என்ற பலமான வலிநிவாரணியும் கொடுத்துப் பார்த்தார். ஃபென்டனில் கிடைக்காத குழந்தைகளின் ரத்தத்தில் அதிர்ச்சி ஹார்மோன்கள் எகிறின. ஆபரேஷனுக்குப் பின் சிக்கல்களும் அதிகம். 1987 ஜனவரியில் 'லான்செட்' வெளியிட்டது. அதே வருஷம் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, பச்சைக் குழந்தைகளுக்கும் மயக்க மருந்து தரவேண்டும் என்று அறிக்கை விட்டது. அந்தக் குழந்தைகளை அசையாமல் வைத்த மருந்து எது தெரியுமா? ட்யூபோக்யூரேரின். டென்னட் கட்டுரையில் வந்த அதே அம்பு விஷத்திலிருந்து எடுத்தது. நாற்பது வருஷம் கழித்து.

இந்தச் சரித்திரம் டென்னட்டுக்குப் பாதகமா சாதகமா என்று ரொம்ப நாள் குழம்பினேன். வாழ்க்கைத் திட்டம், சொந்தக் கதை என்பதையெல்லாம் வைத்துத் துன்பத்தை அளந்தால் இந்தக் குழந்தைகள் கணக்கிலேயே வரமாட்டார்கள். அந்த இடத்தில் அவர் தோற்றார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எதிர்க்கட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வலி என்பது உள்ளேயிருப்பவருக்கு மட்டுமே தெரிந்த அந்தரங்கம் என்ற கொள்கை அந்தக் குழந்தைகளுக்கு என்ன செய்தது? அந்தரங்கத்தை யாரறிவார், பேசத் தெரியாத ஜீவனுக்கு இருக்கிறதோ என்னமோ என்று டாக்டர்கள் நிம்மதியாகக் கத்தியை எடுக்கத்தான் அது இடம் கொடுத்தது. ஆனந்த் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. வெளியே இருந்தே ரத்தத்தை, சர்க்கரையை, லாக்டேட்டை அளந்தார். பிரக்ஞையை வெளியிலிருந்து, மற்ற எந்த இயற்கை விஷயத்தையும் போல ஆராயலாம், ஆராயவேண்டும் என்பதுதான் டென்னட் வாழ்நாள் பூராவும் கத்தினது. தலைப்பில் சொன்ன மாதிரி அவர் பிரக்ஞையை 'விளக்கி' முடிக்கவில்லை. ஆனால் ஆராயும் வழியைப் பற்றிச் சொன்னதில் தப்பில்லை.

மற்ற விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டருடன் 1981ல் தொகுத்த 'தி மைண்ட்ஸ் ஐ' இன்றைக்கும் ஆரம்ப வாசகர்களுக்கு மிகச் சிறந்த வாசல். அதில் வரும் 'நான் எங்கே?' என்ற அவருடைய கதையில், தன் மூளையை எடுத்து ஹூஸ்டனில் ஒரு தொட்டியில் போட்டுவிட்டு, உடம்பை மட்டும் ஒரு வேலைக்கு அனுப்புகிறார்கள். தொட்டிக்கு எதிரே நின்று தன் மூளையைத் தானே பார்க்கும் டென்னட், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தொட்டியைச் சுட்டி நினைக்கப் பார்த்து முடியாமல் திணறும் பக்கத்தை எந்த விஞ்ஞானக் கதைக்காரரும் எழுதியிருந்தால் பெருமைப்படுவார். டார்வின் பற்றிய 1995ம் வருஷப் புத்தகம் நன்றாக இருக்கிறது, நீளம். நாத்திகப் புத்தகம் சுமார். 2023ல் 'அட்லாண்டிக்' பத்திரிகையில், மனிதர்போலப் பேசி ஏமாற்றும் கம்ப்யூட்டர் புரோகிராம்களைக் கள்ளநோட்டைத் தடுப்பதுபோலச் சட்டம் போட்டுத் தடுக்கவேண்டும் என்று எழுதினார். மனிதனே ஒரு வகை இயந்திரம் என்றவர் இப்படிச் சொல்வது முரண் என்று சிலர் சிரித்தார்கள். எனக்கு முரணாகப் படவில்லை. ஒரு ஜீவனைப் பற்றி வெளியிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும் என்று நம்புகிறவருக்குத்தானே வெளித்தோற்றத்தில் கலப்படம் செய்வது பெரிய குற்றமாகப் படும்.

2006 அக்டோபரில் அவருடைய மகாதமனி கிழிந்தது. பிழைப்பது அரிது. முன்பு செய்த பைபாஸ் ஆபரேஷனின் தழும்புதான் ரத்தக்குழாய் வெடிக்காமல் இழுத்துப் பிடித்திருந்ததாம். ஒன்பது மணி நேர ஆபரேஷன். உடம்பைக் குளிரவைத்து, இதயத்தை நிறுத்தி, செயற்கைக் குழாயை வைத்துத் தைத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் ஆஸ்பத்திரியிலிருந்தே ஒரு கட்டுரை எழுதினார். நாத்திகரே, இப்போதாவது கடவுள் தெரிந்தாரா என்று கேட்டவர்களுக்குப் பதில். கடவுளுக்கு அல்ல, நல்லதுக்கு நன்றி என்றார்: டாக்டர்கள், நர்ஸுகள், அறையைப் பெருக்கித் துடைத்தவர்கள், ஸ்கேன் மெஷினைக் கண்டுபிடித்தவர்கள், மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைகளில் தப்புக் கண்டுபிடித்துத் திருப்பியனுப்பியவர்கள் வரைக்கும். உங்களுக்காகப் பிரார்த்தனை செய்தோம் என்ற நண்பர்களிடம், ஆடு ஏதாவது பலி கொடுத்தீர்களா என்று கேட்க நாக்கு துடித்ததாம். அதற்கப்புறம் பதினேழு வருஷத்துக்கு மேல் இருந்தார். சுயசரிதை எழுதி முடித்தார். 2024 ஏப்ரலில் மெய்ன் மாநிலத்தில் நுரையீரல் நோயால் இறந்தபோது வயது 82.

அந்த ஒன்பது மணி நேரம் டென்னட் எங்கே இருந்தார் என்று கட்டுரையில் தேடினேன். கிடைக்கவில்லை.

தையல் பிரிக்கப் போனபோது வராந்தாவில் அந்த மயக்க மருந்து இளைஞரைப் பார்த்தேன். மடக்கிப் பிடித்து, 'டாக்டர், எனக்கு வலிச்சு நான் மறந்துபோயிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?' என்றேன். அவர் சிரிக்கவில்லை. தினம் யாராவது கேட்பார்கள் போலிருக்கிறது.

'வலிச்சா பல்ஸ் ஏறும் சார். பி.பி. ஏறும். கண்ணுல தண்ணி வரும். நான் உங்க தலைமாட்டுலயே உக்காந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.'

'ஏறிச்சா?'

'ஒரு வாட்டி. ஆரம்பத்துல. டோஸ் ஏத்தினேன், இறங்கிடுச்சு' என்றார்.